இரவில் வளரும் மலை

சவரக்கத்தி தோலின்மீது செல்லும்போது மெல்லியதோர் ஒலி எழும். செசோத்தோ மொழி பேசுவோர் அவ்வொலியை 'ஷ்வே... ஷ்வே' எனக் கேட்டனர். ராமொனாஹெங் என்னும் தலைவனின் ஆநிரையை இரவோடிரவாகக் கவர்ந்து வந்த இளைஞன் ஒருவன், அத்தலைவனின் தாடியைத் தான் மழித்துவிட்டதாகத் தானே பாட்டுக் கட்டிப் பாடினான். அப்பாட்டில் இருந்த மழிப்பொலியே அவனுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. பெற்றோர் இட்ட பெயரை ஊர் மறந்தது. மொஷ்வேஷ்வே என்னும் பெயர் நின்றது. நம் இலக்கணத்தார் இரட்டைக்கிளவி என்று வகுத்த ஒன்றைத் தன் பெயராகவே தாங்கி நாடாண்ட வேறொரு மன்னனை நான் அறியேன்.

அந்த நாடு லெசோத்தோ. நாற்புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட, முப்பதாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைநாடு. அதன் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய நாடு ஒன்றின் நடுவே இச்சிறு நாடு கரைந்துபோகாமல் எவ்வாறு தனியே நின்றது என்று கேட்டால், அதற்குரிய விடையில் பெரும்பகுதி இம்மனிதனின் வாழ்க்கையே ஆகும்.

அவன் பிறந்தது ஏறத்தாழ 1786ஆம் ஆண்டில்; இன்றைய லெசோத்தோவின் வடபகுதியில் உள்ள மென்குவானெங் என்னும் இடத்தில். தந்தை மொகாச்சானே ஒரு சிற்றூர்த் தலைவன். முதலையைக் குலக்குறியாகக் கொண்ட குவெனா மரபின் இளைய கிளைகளுள் ஒன்றாகிய மொகொடெலிக் குடியைச் சேர்ந்தவன். அப்பகுதியில் அவனினும் மூத்த கிளைத் தலைவர்கள் பலர் இருந்தனர். ஆகவே பிறப்புரிமையால் பேரரசனாகும் வாய்ப்பு மகனுக்கு இல்லை. குழந்தைக்கு இட்ட பெயர் லெபோக்கோ. பூசல் என்பது அதன் பொருள். அவன் பிறந்தபோது ஊரில் சூனியம் பற்றிய பூசல் ஒன்று நடந்துகொண்டிருந்ததாம்.

அப்பெயர் இளமையில் அவனுக்குப் பொருந்தியே இருந்தது. பெருந்தலைவனாக வேண்டும் என்னும் வேட்கை அவனை அரித்தது. சினம் மிக்கவன், சிறு பிழைக்கும் தன்னைச் சார்ந்தோரின் உயிரை வாங்கினான் என்று அவன் மக்களின் வாய்மொழி மரபே ஒளிக்காமல் சொல்கிறது. நாடு நிறுவியவனின் வரலாற்றில் இதனை மறைக்காத அம்மரபை மதிக்கத் தோன்றுகிறது. பேரனின் போக்கைக் கண்டு அஞ்சிய பாட்டன் பீட்டே, அவனை மொஹ்லோமி என்னும் முதியவரிடம் அழைத்துச் சென்றான்.

மொஹ்லோமி தாமும் ஒரு தலைவரே. ஆயினும் படை திரட்டிப் புகழ் பெற்றவரல்லர். தொலைதூரம் நடந்து பல இனத்தாரின் ஊர்களைக் கண்டவர், மருத்துவர், மழை வேண்டுவோர் நாடிச்சென்ற அறிவர். தலைமை பெறுவதற்குரிய மருந்து வேண்டும் என்று கேட்டு நின்ற இளைஞனிடம், ஆட்சிக்கு மருந்து என்று ஒன்று இல்லை, நெஞ்சமே அம்மருந்து என்று அவர் உணர்த்தினார். சூனியம் செய்ததாகக் குற்றஞ்சாட்டி எவரையும் கொல்லாதே, ஏழைகளையும் ஊரிழந்து வருவோரையும் ஏற்றுக்கொள், போரைவிட அமைதியே மக்களைப் பெருக்கும் என்பன அவர் கூறிய அறிவுரைகளின் சாரம். தம் காதிலிருந்த நீண்ட குழையைக் கழற்றி அவன் காதில் பூட்டினார் என்றும், தம் நெற்றியை அவன் நெற்றியோடு சேர்த்து வாழ்த்தினார் என்றும் வழிவழியாகச் சொல்வர். கேட்ட அறிவுரையை அவன் உடனே கடைப்பிடித்தான் என்று நான் நினைக்கவில்லை. ஆநிரை கவர்தல் அதன் பிறகும் தொடர்ந்தது. விதை முளைக்கப் பஞ்சம் வரவேண்டியிருந்தது.

1820களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்க உள்நாடு முழுவதும் கலங்கியது. ஊர்கள் எரிந்தன, மந்தைகள் பறிபோயின, விதைநெல் போல் காத்து வைத்த சோளமும் அழிந்தது. செசோத்தோ மொழியினர் இக்காலத்தை லிஃபகானே என்பர். சூலு மன்னன் சாக்காவின் படையெழுச்சி ஒன்றே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். 1980களின் இறுதி முதல் அக்கருத்து கடுமையாக விவாதிக்கப்பட்டு வருகிறது. வறட்சியும், தந்தத்திற்கும் அடிமைகளுக்கும் நடந்த வாணிகமும், குதிரையும் துப்பாக்கியும் கொண்ட கொள்ளைக் கூட்டங்களும் அக்கலக்கத்தில் பங்கு கொண்டிருந்தன. காரணம் எதுவாயினும், ஓடி வருவோர் முன்னே இருந்தோரை ஓடச் செய்தனர் என்பது உண்மை.

அப்போது மொஷ்வேஷ்வே போத்தா-போத்தே என்னும் மலையில் குடியேறியிருந்தான். 1824இல் ட்லோக்வா இனத்தார் அம்மலையை முற்றுகையிட்டனர். அவர்களுடைய அரசி மாந்தாட்டிசி. சிறுவனாகிய தன் மகன் செகொன்யேலாவுக்காக ஆட்சி நடத்தியவள். அவள் பெயரைக் கேட்டாலே தொலைதூர ஊர்கள் நடுங்கின. முற்றுகை வாரக்கணக்கில் நீண்டது. மலைமேல் இருந்தோர் பட்டினியில் வாடினர். முற்றுகை விலகியபின் மொஷ்வேஷ்வே ஒரு முடிவுக்கு வந்தான். இம்மலை போதாது, இதனினும் பெரிய, நீரூற்று உள்ள மலை வேண்டும். தென்மேற்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அத்தகைய மலை ஒன்று இருப்பதாக ஒற்றர் வந்து கூறினர்.

குளிர்காலத்தில் அந்த நடை தொடங்கியது. பெண்களும் குழந்தைகளும் முதியோரும் மந்தையும் கணவாய்களைக் கடந்து நாள்கணக்காக நடந்தனர். பின்தங்கியோரை, பசியால் மனித ஊன் உண்ணத் தலைப்பட்ட கூட்டத்தார் பிடித்துச் சென்றனர். அப்படிப் பிடிபட்டவர்களுள் பாட்டன் பீட்டேயும் ஒருவன். பேரனை மொஹ்லோமியிடம் கைப்பிடித்து அழைத்துச் சென்ற அதே முதியவன். அவனுக்குக் கல்லறை இல்லாது போயிற்று.

சேர்ந்த இடம் தாபா போசியு. இரவின் மலை என்பது அப்பெயரின் பொருள். அவர்கள் அங்கே ஏறியது இரவு நேரம் என்பதால் அப்பெயர் வந்தது என்பர். பகலில் குன்றாகத் தோன்றும் அது இரவில் வளர்ந்து வானை முட்டும் என்ற கதை பகைவரிடையே பரவியது. அக்கதையைப் பரப்பியவர் மலைமேல் இருந்தவர்களே என்பதில் ஐயமில்லை. உண்மையில் அது சுற்றியுள்ள பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் எழும்பி நிற்கும் தட்டை மலை. உச்சியில் ஊர் அமைக்கவும் மந்தை மேய்க்கவும் இடம் உண்டு. வற்றாத ஊற்றுகள் உண்டு. சுற்றிலும் செங்குத்துப் பாறை. மேலே செல்லும் கணவாய்கள் சிலவே. அவற்றைக் கற்களைக் குவித்துக் காக்கலாம். வெட்சியில் தொடங்கிய வாழ்க்கை நொச்சிக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

அங்கே நிலைபெற்றபின், பாட்டனைத் தின்ற ராகொட்ஸ்வானேயின் கூட்டத்தார் அவன் கையில் அகப்பட்டனர். கொன்றுவிட வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். பசோத்தோ வழக்கப்படி, ஒரு குடும்பத்தில் சடங்கு நிகழ்வதற்கு முன் முன்னோரின் கல்லறையைத் தூய்மை செய்தல் வேண்டும். வெட்டிய மாட்டின் இரைப்பையிலுள்ள செரித்த புல்லை எடுத்துக் கல்லறையின்மேல் பூசுவர். மொஷ்வேஷ்வே அச்சடங்கை அம்மனிதர்களின் உடல்மேல் செய்வித்தான். பாட்டன் உறங்குவது இவர்களின் வயிற்றில்; ஆகவே இவர்களே அவன் கல்லறை; கல்லறையை இடிப்பது தகாது என்பது அவன் சொன்ன வழக்கு. பின்னர் அவர்களுக்கு மாடுகளும் நிலமும் தந்து குடியமர்த்தினான்.

இதனை வெறும் மன்னிப்பு என்று பாராட்டிக் கடந்துவிடுகிறோம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. மன்னிக்க மறுப்போரும் மறுக்க இயலாத ஓர் உருவகத்தை அவன் சடங்குக்குள்ளேயே கண்டெடுத்தான். பழிவாங்கத் துடித்த சுற்றத்தாரின் வாயை அறவுரையால் அடைக்க முடியாது. முன்னோர் வழிபாட்டால் அடைக்கலாம். அதே வேளையில், பசி நீங்கினால் இவர்கள் மனிதராவர் என்றும் அவன் கணக்கிட்டான். அக்கணக்குப் பொய்க்கவில்லை. ஊனுண்டோர் உழவராயினர்.

அவன் நாடு வளர்ந்த முறையும் இதுவே. மாஃபிசா என்று ஒரு வழக்கம் உண்டு. மாடுகள் மிகுதியாக உடையவன், இல்லாதவனிடம் சிலவற்றை ஒப்படைப்பான். பாலும் ஏரும் வாங்கியவனுக்கு. மாடும் கன்றும் கொடுத்தவனுக்கு. ஊரிழந்து, உறவிழந்து மலையடிவாரத்தில் வந்து நின்ற ஒவ்வொரு கூட்டத்திற்கும் மொஷ்வேஷ்வே மாஃபிசா மாடுகள் தந்தான், நிலம் காட்டினான். பல இனத்தார், பல மரபினர், சூலு மொழியின் உறவு மொழிகளைப் பேசியோரும்கூட, ஒரு தலைமுறைக்குள் பசோத்தோ என்னும் ஒரே பெயருக்குள் வந்தனர். பொது முடிவுகளுக்குப் பிட்சோ என்னும் ஊர்மன்றம் கூடும்; அங்கே எளியவனும் தலைவனைக் குறை சொல்லலாம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். விருந்தோம்பலுக்குச் சோளம் வேண்டும். சோளம் விளைவித்தோர் பெண்கள். மொஷ்வேஷ்வேயின் மனைவியர் நூற்றுவருக்கு மேற்பட்டோர். தலைமனைவி மாமொஹாட்டோவின் பெயரும் வேறு சிலரின் பெயரும் நமக்குத் தெரியும். மற்றையோர் பெயரின்றிப் போயினர். ஒவ்வொருத்தியும் தன் வயலை மண்வெட்டியால் கொத்தி விளைவித்த தானியமே அரசனின் கொடையாக வந்தோர் கலத்தில் விழுந்தது. கொடைமடம் பாடும் கவிஞர்கள் உலகெங்கும் இதைப் பாடாமல் விடுகிறார்கள்.

பகைவரைக் கையாள்வதிலும் கொடுத்தலே அவன் முதற்கருவி. சாக்காவுக்கு இறகுகளும் தோல்களும் திறையாக அனுப்பி அவனைத் தொலைவில் நிறுத்தினான். 1828 அளவில் ங்வானே இனத் தலைவன் மட்டிவானே தாபா போசியுவைத் தாக்கித் தோற்றான். 1831இல் ம்சிலிகாசியின் ந்டெபெலெப் படை வந்தது. கணவாய்களின் மேலிருந்து உருட்டிய கற்களும் ஈட்டிகளும் அதனைச் சிதறடித்தன. தோற்றுப் பசியோடு திரும்பும் படையின் பின்னே, கொழுத்த மாடுகளை ஓட்டிக்கொண்டு மொஷ்வேஷ்வேயின் தூதர் சென்றனர். நீங்கள் பசியால்தான் வந்திருப்பீர்கள், இவற்றை உண்டு அமைதியாகத் திரும்புங்கள் என்பது அவர்கள் கொண்டுசென்ற செய்தியின் கருத்து. ந்டெபெலெப் படை அவன்மேல் மீண்டும் வரவில்லை.

ஆனால் குதிரையேறித் துப்பாக்கியோடு வந்த கொரானாக் கொள்ளையரிடம் இம்முறை செல்லவில்லை. வெள்ளைய மறைபரப்பாளர் உள்ள ஊர்களைக் கொள்ளையர் தொடுவதில்லை என்று வேட்டைக்காரன் ஒருவன் சொல்லக் கேட்டான். உடனே அத்தகைய ஒருவரைப் பெற்றுவருமாறு மாட்டு மந்தை ஒன்றை விலையாக அனுப்பினான். வழியிலேயே கொரானாக்கள் அம்மந்தையைக் கவர்ந்தனர்! ஆயினும் செய்தி சென்று சேர்ந்தது. 1833இல் பாரிஸ் மறைபரப்புச் சங்கத்தைச் சேர்ந்த யூஜின் கசாலிஸ், தாமஸ் அர்பூசே, கான்ஸ்டன்ட் கோசலின் ஆகிய மூவர் வந்தனர். அவர்களுக்கு மொரிஜாவில் இடம் தந்தான். முதலில் வந்தபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கசாலிஸ், பின்னர் மலையடிவாரத்திலேயே தங்கி அவனுக்குப் பல்லாண்டு தோழராகவும் அயலுறவில் துணையாகவும் விளங்கினார்.

இலக்கியம் பயில்வோர்க்கு இச்சந்திப்பு மிகவும் வேண்டியது. பசோத்தோ மக்களிடையே லிதோக்கோ என்னும் புகழ்ப்பாக்கள் உண்டு. வீரன் தன் செயலைத் தானே பாடலாம். அரசனைப் பாணர் பாடுவர். 1841இல் பாரிசில் வெளியிட்ட தம் மொழியாராய்ச்சி நூலில் கசாலிஸ் இப்பாக்கள் சிலவற்றையும் சேர்த்தார். 1921இல் மங்கோயேலா தொகுத்த மன்னர் புகழ்ப்பாத் தொகுதி மொரிஜாவிலிருந்து வெளிவந்தது. ஆநிரை கவர்ந்த இளைஞனின் மழிப்பொலிப் பாட்டு இன்றும் படிக்கக் கிடைப்பது இத்தகைய தொகுப்பாளர்களால்தான்.

மொஷ்வேஷ்வே புதிய மறையைப் பொறுமையோடு கேட்டான். மக்களைக் கேட்கச் செய்தான். தான் மட்டும் திருமுழுக்குப் பெறவில்லை. பழைய நெறியினரையும் புதிய நெறியினரையும் ஒருசேர ஆளவேண்டியவனுக்கு வேறு வழி இல்லை போலும். ஆயினும் அவன் பிறப்பித்த சட்டங்களில் இரு நெறியும் கலந்தன. 1854இல் வெளிநாட்டுச் சாராயத்தை நாட்டுக்குள் தடை செய்தான். 1855இல் சூனியக் குற்றஞ்சாட்டிக் கொல்வதைத் தடுத்தான். அச்சட்டத்தில் மொஹ்லோமியின் குரலை நான் கேட்கிறேன். பல்லாண்டுகளுக்குமுன் காதில் விழுந்தது அன்று ஆணையாயிற்று.

இனி நிலத்தின் கதை. 1830களின் இறுதியிலிருந்து, கேப் குடியேற்றத்தை விட்டு வெளியேறிய போயர்கள் மொஹோகாரே ஆற்றுக்கு அப்பால் வந்து தங்கினர். வெள்ளையர் அவ்வாற்றைக் கலிடன் என்பர். தங்கிச் செல்ல இடம் கேட்டனர். மேய்த்துக்கொள்ள அவன் இசைந்தான். மாஃபிசா வழக்கில் வளர்ந்தவனுக்கு, பயன்படுத்தத் தருவது வேறு, உடைமையாகத் தருவது வேறு. நிலம் மக்களுடையது, தலைவன் அதைப் பகிர்ந்தளிப்பான், விற்கமாட்டான். வந்தவர்களுக்கோ, உழுத நிலம் சொந்த நிலம். வாழ்நாள் முழுதும் கொடுத்தே வென்றவன், கொடுத்தல் என்னும் சொல்லுக்கு வேறு பொருள் கொண்டவர்களிடம் அகப்பட்டான். 1859இல் வணிகர்களுக்கு விதித்த சட்டத்தில் நிலம் எவர்க்கும் விற்கப்படாது என்று எழுதிவைத்தான். அதற்குள் காலம் கடந்திருந்தது.

பிரித்தானியர் 1843இல் அவனோடு உடன்படிக்கை செய்து ஆண்டுக்கு 75 பவுன் தர ஒப்பினர். 1849இல் அவன் நிலத்தைக் குறைத்து வார்டன் எல்லையை வரைந்தனர். 1851இல் வார்டனின் படை தோற்றது. 1852இல் கேப் ஆளுநர் சர் ஜார்ஜ் கேத்கார்ட் பெரும்படையோடு வந்து, மூன்று நாளுக்குள் பத்தாயிரம் மாடுகளும் ஆயிரம் குதிரைகளும் வேண்டும் என்றார். மூவாயிரத்து ஐந்நூறு மாடுகள் வந்தன. டிசம்பர் 20 அன்று பெரேயா மேட்டுநிலத்தில் போர். பசோத்தோக் குதிரை வீரர் ஆங்கிலப் படையில் ஏறத்தாழ நாற்பதின்மரைக் கொன்றனர், படை திணறியது.

அன்று இரவே மொஷ்வேஷ்வே ஒரு கடிதம் அனுப்பினான். வெற்றிக் கடிதம் அன்று. தங்கள் வலிமையைக் காட்டிவிட்டீர்கள், எங்கள் மாடுகளையும் கொண்டீர்கள், இந்தத் தண்டனை போதும், அமைதி தாருங்கள் என்ற பொருள்பட எழுதியிருந்தது. பின்வாங்க வழி தேடிய ஆளுநர் அதனைப் பற்றிக்கொண்டு திரும்பினார். வென்றவன் தோற்றதாக எழுதிய கடிதம் அது. மொஹ்லோமியின் மாணவனும் ந்டெபெலெப் படைக்கு மாடு அனுப்பியவனும் அதில் ஒருங்கே தெரிகின்றனர்.

1854இல் ஆங்கிலேயர் விலக, ஆரஞ்சு சுதந்திர நாடு என்னும் போயர் குடியரசு தோன்றியது. 1858இல் நடந்த முதற்போரில் போயர் படை தாபா போசியுவரை வந்து வெறுங்கையோடு மீண்டது. 1865இல் தொடங்கிய போர் வேறு வகையானது. பீரங்கி முழக்கத்தின் ஒலியைக் கொண்டு பசோத்தோ மக்கள் அதற்குச் செகிட்டி என்று பெயரிட்டனர். சவரக்கத்தியின் ஒலியில் தொடங்கிய வாழ்வின் மாலைப்பொழுதில் பீரங்கியின் ஒலி. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று கணவாயில் ஏறிவந்த போயர் தளபதி லோவ் வெபெனெர் சுடப்பட்டு வீழ்ந்தார், மலை வீழவில்லை. ஆனால் போயர்கள் மலையை விட்டுவிட்டு வயல்களைத் தாக்கினர். பயிரை எரித்தனர், மந்தைகளைக் கவர்ந்தனர். அரணால் காக்க முடியாதது சோளம்.

1866இல் மகன் மொலாப்போ தனியே போயர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு அவர்களின் குடியானான். ஆயிரம் பகைவரை மாடு கொடுத்து மாற்றியவனால் தன் வீட்டில் ஒருவனைத் தடுத்து நிறுத்த இயலவில்லை. சில நாள்களில் மொஷ்வேஷ்வேயும் பணிந்து பெருநிலம் துறந்தான். விளைந்து நின்ற பயிரை அறுத்துக்கொள்வதற்காகச் செய்த அவ்வமைதியை மக்கள் சோளத்தின் அமைதி என்றே அழைத்தனர். அறுவடை முடிந்தபின் அமைதியும் முடிந்தது. போர் மீண்டும் மூண்டது.

பல்லாண்டாக அவன் கேட்டுவந்த ஆங்கிலப் பாதுகாப்பு, 1868 மார்ச் 12 அன்று ஆளுநர் சர் பிலிப் வோட்ஹவுசின் அறிவிப்பாக வந்தது. நாட்டை அரசியின் போர்வையாகவும் தன் மக்களை அப்போர்வையில் ஒண்டியிருக்கும் பேனாகவும் அவன் ஒப்பிட்டதாகச் சொல்வர். தாழ்ச்சியாகவே அதைப் பலர் படிக்கின்றனர். போர்வையைப் போர்த்தியவர்க்குப் பேனை உதறுவது எளிதன்று என்பதும் அவ்வுவமையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எனினும் விலை பெரிது. 1869இல் அலிவால் நார்த் உடன்படிக்கையில், அவனைக் கேளாமலே, மொஹோகாரே ஆற்றுக்கு மேற்கிலிருந்த வளமான வயல்நிலம் போயர்களுக்கு ஒதுக்கப்பட்டது. மலையும் ஆற்றின் இக்கரையும் எஞ்சின.

முதுமையில் திருமுழுக்குப் பெற இசைந்தான், நாளும் குறித்தாயிற்று. அந்நாள் வருமுன், 1870 மார்ச் 11 அன்று, தாபா போசியுவின் உச்சியில் இறந்தான். அம்மலைமேலேயே அடக்கம் செய்தனர். பின்வந்த மன்னர்களும் அவனருகே துயில்கின்றனர். 1996இல் மறைந்த இரண்டாம் மொஷ்வேஷ்வேயும் அங்கேதான்.

1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் அமைந்தபோது பசுட்டோலாந்து அதில் சேர்க்கப்படவில்லை. நேரே பிரித்தானிய முடியின்கீழ் இருந்தது. ஆகவே பின்னாளில் வந்த நிறவெறிச் சட்டங்கள் ஆற்றின் அக்கரையோடு நின்றன. 1966 அக்டோபர் 4 அன்று அது லெசோத்தோ என்னும் விடுதலை நாடாயிற்று. மார்ச் 11 அங்கே மொஷ்வேஷ்வே நாள். 2023இல், இழந்த மேற்கு நிலத்தைத் திரும்பக் கோரும் தீர்மானம் ஒன்று லெசோத்தோ நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. மொஹோகாரே ஆறே இன்றும் எல்லை.